கிணற்றடிக் கணக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "டொக்டர், சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று கேட்டபோது, நீரிழிவைப் பற்றிப் பேசலாமா, மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். ஆனால் நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்குக் குடிநீர்த் திட்டம் ஒன்று செய்து கொடுக்கச் சங்கம் எண்ணியிருக்கிறது என்று அவர் சொன்னதும், தண்ணீரைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். அதிலும், தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவும் பயன்படவும் செலவாகும் சக்தியைப் பற்றியும், அதனால் வளியில் சேரும் காபனீரொட்சைட்டைப் பற்றியும். இதில் ஒரு மருத்துவருக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். முடிவில் விளங்கும் என்று நம்புகிறேன்.

என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நாங்கள் சிறு பிள்ளைகள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் ஆறாம், ஏழாம் வகுப்புகளைக் கடந்தோம். கல்லூரிக் கிணற்றில் கப்பியும் கயிறும் வாளியும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மண்பானை, மூடி, ஒரு குவளை. பானையை நிரப்புவது முறைவைத்து எங்கள் வேலை. சட்டையை நனைத்துக்கொண்டு வந்து பேச்சு வாங்காதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். வீட்டிலும் அதேதான். சில வீடுகளில் துலா இன்னும் நின்றது. பள்ளிக்கு வர முன்னர் தொட்டி நிரப்புவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் வேலை. அந்த நாட்களை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். இடுப்பு நோவோடு என்னிடம் வரும் எத்தனையோ அம்மாமார் அந்தக் கிணற்றடிகளில் இருந்து வந்தவர்கள்.

ஆனால் எங்கள் பௌதிகவியல் ரீச்சர் சொல்லித் தந்த கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆறு மீற்றர் ஆழக் கிணற்றில் இருந்து 10 லீற்றர் வாளியால் 100 வாளி, அதாவது 1000 லீற்றர் அள்ளுகிறோம். தண்ணீர் மேலே வருவதற்கு மட்டும் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 59 கிலோயூல். குனிந்து நிமிரும் உடலின் செலவையும் சேர்த்தால், ஒன்றிரண்டு வாழைப்பழங்கள் தரும் சக்திக்கு மேல் போகாது. தண்ணீரைத் தூக்குவது சக்திக் கணக்கில் மலிவான வேலை. கைதான் வலித்தது.

இன்று அந்த வேலையை மோட்டர் செய்கிறது. 750 வாற் இழுக்கும் மோட்டர் 1000 லீற்றர் தாங்கியை 20 நிமிடத்தில் நிரப்பினால் கால் யூனிற் மின்சாரம். நான்கு பேர் உள்ள வீடு ஒரு நாளைக்கு 600 லீற்றர் பாவிக்கிறது என்று வைத்தால், அதற்கு 0.15 யூனிற். இலங்கையின் மின்சாரம் நீர்வீழ்ச்சியில் இருந்தும் வருகிறது, 900 மெகாவாற் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் இருந்தும் வருகிறது, எண்ணெயில் இருந்தும் வெயிலில் இருந்தும் வருகிறது. மழை நன்றாகப் பெய்த காலத்தில் ஒரு கணக்கு, வரட்சியில் வேறொரு கணக்கு. பேச்சுக்கு ஒரு யூனிற்றுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த வீட்டின் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீருக்கு 75 கிராம்.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். அதே வீட்டில் குடிக்க 5 லீற்றர் கொதிக்க வைக்கிறார்கள். 28 பாகையில் இருக்கும் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுவர, வெப்பம் வீணாகாவிட்டாலும் 0.42 யூனிற் வேண்டும். வீடு முழுவதற்கும் 600 லீற்றர் ஏற்றியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சக்தியால் ஆயிரம் லீற்றர் தண்ணீரை 30 மீற்றர் உயரத்துக்குத் தூக்கலாம். இதை முதன்முதலாகக் கணக்குப் பார்த்த அன்று நானே நம்பாமல் இரண்டாம் முறை போட்டேன்.

பதினைந்து வருடத்துக்கு மேலாக, "கொதித்து ஆறிய தண்ணீர் குடியுங்கோ" என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! தவறான அறிவுரை அல்ல. நெருப்புக்காய்ச்சலையும் செங்கமாரியையும் வயிற்றோட்டத்தையும் தடுக்கும் அறிவுரை. ஆனால் அவர்களின் கிணறு ஏன் கொதிக்க வைக்க வேண்டிய நிலைக்கு வந்தது என்று நான் கேட்டதில்லை. என் வீட்டுக் கிணறு வரும் வரைக்கும்.

அதைச் சொல்லத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அம்மாவின் பழைய வீட்டுக்கு ஒரு புதிய அறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் கட்டினோம். காணி ஒடுங்கியது. மலசலகூடக் குழியை எங்கே வைப்பது என்று மேசன் கேட்டபோது, பின்பக்க மூலையில் வைத்தால் குழாய் நீளம், செலவும் கூட, கிட்டவே வையுங்கள் என்று சொன்னது நான்தான். கிணற்றில் இருந்து ஏறக்குறைய 20 அடி. அம்மா ஒருமுறை, "பிள்ளை, கிணறு பக்கத்தில எல்லே" என்றார். "சீமெந்து பூசித்தானே கட்டுறம் அம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அடுத்த மாரிக்குப் பிறகு மகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோதுதான் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். மலத்தில் இருந்து வரும் பக்றீரியா இருந்தது. இந்த வீட்டில் மூன்று தலைமுறை பச்சையாகக் குடித்த கிணறு அது.

பிறகு என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான். கடையில் இருந்து 20 லீற்றர் போத்தல்கள் வாங்கினோம். எங்கோ ஒரு கிணற்றில் இருந்து மோட்டரில் ஏற்றி, இயந்திரத்தில் வடித்து, பிளாஸ்ரிக்கில் அடைத்து, வாகனத்தில் ஏற்றி எங்கள் படலைக்கு வந்த தண்ணீர். கிணறோ வீட்டு முற்றத்தில், நிறைய நீரோடு இருந்தது. கிட்ட இருந்த நல்ல தண்ணீரை நானே கெடுத்துவிட்டு, தூரத்துத் தண்ணீரைக் காசும் எரிபொருளும் கொடுத்து வாங்கினேன்.

அந்த நாட்களில்தான் 2022 வந்தது. பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. தாங்கி வெறுமையானது. கிணற்றில் அள்ளலாம் என்று போனால் கயிறு இல்லை, கப்பி இல்லை, வாளியில் பிடி இல்லை. கிணற்றுக்கு மேலே வலை போட்டுக் கட்டியிருந்தோம். எழுபதைத் தாண்டிய அம்மா எங்கிருந்தோ ஒரு கயிறு தேடி எடுத்து வந்து வாளியைக் கட்டினார். வாளியைத் தண்ணீரில் எப்படிச் சரிக்க வேண்டும் என்று என் மகளுக்குக் காட்டினார். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளை, அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தண்ணீர் அள்ளினாள்.

என் வீட்டில் நடந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது எங்கள் குடாநாட்டின் கதை. வற்றாத ஆறு எங்களிடம் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறும். துலா அந்த அளவைத் தானே காத்தது. மனிதன் களைத்துவிடுவான், மோட்டர் களைப்பதில்லை. அதோடு தோட்டங்களின் உரமும், நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைக் கிணறுகளில் சேர்த்தன. சுன்னாகத்தில் மின்சாரம் உண்டாக்கிய இடத்தின் கழிவு எண்ணெயே அயற்கிணறுகளில் கலந்தது. அந்த மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடக் கசப்பாக யாரும் காட்ட முடியாது.

இன்று தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இருக்கிறது. 2024 ஆவணியில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊர்களுக்கு அது தேவை. பவுசருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொள்வோம். கடல்நீரை மிகுந்த அமுக்கத்தில் மென்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் இத்தகைய நிலையங்களில் ஆயிரம் லீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 யூனிற் செலவாகும். முழுக் கொள்ளளவில் ஓடினால், இந்தக் கணக்கின்படி நாளொன்றுக்கு 72 ஆயிரம் முதல் 96 ஆயிரம் யூனிற் வரை. அதன் பிறகுதான் குழாய் வழியே ஊருக்குத் தள்ளும் செலவு. கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஏற்ற கால் யூனிற் போன இடத்தில் 12 மடங்கும் அதற்கு மேலும் போகிறது. நல்ல கிணறு ஒன்று கெடும்போது நாங்கள் அடைக்கும் கடன் இது.

பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைப் பெரியவர்கள் அறிவீர்கள். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் ஆனையிறவு, வடமராட்சிக் களப்புகளில் தேக்கி நன்னீராக்கி, நிலத்தடி நீரைப் பெருக்குவது அதன் எண்ணம். தண்ணீர் தன் பாரத்தாலேயே ஓடும்போது மின்சாரக் கட்டணம் வராது. குளத்தையும் கேணியையும் தூர்வாருவதும் அதே வேலையின் சிறிய வடிவம்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளே, உங்களையும் விட்டுவிடவில்லை. உங்கள் ஊரில் கிணறும் இல்லை, மோட்டரும் இல்லை, பைப்பைத் திருகினால் தண்ணீர். ஆனால் உங்கள் கணக்கு எங்களுடையதைவிடப் பெரியது. காரணம், சுடுதண்ணீர். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்ணீரை எடுத்து, சுத்திகரித்து, வழங்கி, பாவித்து, கழிவை அகற்றும் முழு வட்டத்தில் வெளியாகும் காபனில் 89 வீதம் வீட்டுக்குள்ளே பாவிக்கும்போது, பெரும்பாலும் சூடாக்கும்போது, உண்டாகிறது. நிமிடத்துக்கு 8 லீற்றர் படி பத்து நிமிடம் குளித்தால் 80 லீற்றர். 10 பாகைத் தண்ணீரை 40 பாகைக்குச் சூடாக்க 2.8 யூனிற். எங்கள் அம்மாவின் வீட்டுக்குப் பதினெட்டு நாளுக்குத் தண்ணீர் ஏற்றப் போதும். மூன்று நிமிடம் முன்னதாகக் குளியலை முடியுங்கள். ஒரு கோப்பைத் தேநீருக்குக் கேத்திலை நிரப்பாதீர்கள். ஊத்தை குறைந்த உடுப்பை 30 பாகையில் தோயுங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

இங்கே இருப்பவர்களுக்கும் சில சொல்கிறேன். மோட்டரை மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில் போடாதீர்கள். நாடு முழுவதும் மின்சாரம் கூடுதலாக இழுக்கும் நேரம் அது. பகலில் போடுங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்து வெயில் மின்சாரம் மிஞ்சியதால், கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். மிஞ்சும் வெயிலைத் தண்ணீராக மேலே ஏற்றி வைத்தால், தாங்கிதான் எங்கள் பற்றரி. தாங்கி நிரம்ப வழமையைவிட நேரம் எடுத்தால் உடனே பாருங்கள். எங்கள் வீட்டில் நிலத்துக்குக் கீழே குழாய் வெடித்து, 20 நிமிட வேலைக்கு 45 நிமிடம் ஓடியதை நாங்கள் மூன்று மாதம் கவனிக்கவில்லை. கட்டணப் பட்டியல் சொல்லித்தான் தெரிந்தது.

மருத்துவராக மூன்று விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கிணறு சோதிக்கப்பட்டு நல்லது என்று தெரியும் வரை, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள், தேவையான அளவு வையுங்கள், குமிழி எழுந்து கொதித்ததும் இறக்குங்கள். கை கழுவும் தண்ணீரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றாவது, கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் காவும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் கொடுங்கள். பால்மாதான் என்றால், எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எங்கள் நூற்றாண்டு நன்கொடைக்கு வருகிறேன். வடிகட்டும் பெரிய இயந்திரம் ஒன்றும், இன்னொரு உயரத் தாங்கியும் வாங்குவது என்பது இப்போதைய யோசனை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இறுதியில் வரட்டும். இயந்திரத்துக்கு ஒவ்வொரு மாதமும் மின்சாரமும், காலத்துக்குக் காலம் புதிய சவ்வும் வேண்டும். வடிக்கும்போது ஒரு பங்கு தண்ணீரையும் கழிவாக வெளியே விடும். திறப்பு விழாப் படத்தோடு எங்கள் பங்கு முடிந்துவிடும், கட்டணம் கல்லூரியின் தலையில் நிற்கும்.

முதலில் கிணற்றைச் சோதிப்போம். மாரிக்கு முன் ஒரு முறை, மாரிக்குப் பின் ஒரு முறை, கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் உப்புக்கும். அடுத்து, கல்லூரி வளவில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் கீறுவோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 15 மீற்றர் என்பது நாங்கள் படித்த பொது விதி. வெடிப்பு நிறைந்த எங்கள் கல்நிலத்தில் அதுவும் எப்போதும் போதாது. கிட்ட இருப்பதை மாற்றுவோம். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, மாலை போட முடியாது. ஆனாலும் இந்த நூற்றாண்டில் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடை அதுவாக இருக்கலாம். பின்னர் கசியும் பைப்புகளை மாற்றுவோம். மண்டபக் கூரையின் மழைநீரை வடித்து நிலத்துக்குள் இறக்குவோம். மோட்டருக்குச் சோலார் போடுவோம், பள்ளி நடக்கும் நேரமும் வெயில் எறிக்கும் நேரமும் ஒன்றுதானே. இவ்வளவும் செய்த பிறகும் சோதனை அறிக்கை இயந்திரம் வேண்டும் என்று சொன்னால், வாங்குவோம். அப்போது அது சிறியதாக இருந்தாலே போதும்.

என் வீட்டில் அதைத்தான் செய்தேன். குழியை மூடி, பின்பக்க மூலைக்குக் கொண்டுபோனோம். முதலில் மிச்சம் பிடித்த காசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் முடிந்தது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரீன் போட்டோம். உடனே சரியாகவில்லை. இரண்டு மாரி சென்ற பிறகே சோதனை நல்லதாக வந்தது. அந்த அறிக்கையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு செம்பில் அள்ளிக்கொண்டு வந்து குடித்தார்.

கல்லூரிக் கிணற்றின் இரண்டு சோதனைகளுக்கும் ஆகும் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. அறிக்கை எப்படி வந்தாலும் மறைக்காமல் அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் வாசிப்பேன். இன்னொன்று, அதிபர் அவர்களே, கிணற்றுக்கு ஒரு கப்பியும் கயிறும் திரும்பப் போட அனுமதி தாருங்கள். மோட்டர் இருக்கட்டும். ஆனாலும் இங்கு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாளாவது ஒரு வாளி அள்ளிப் பார்க்கட்டும். ஒரு வாளித் தண்ணீரின் பாரம் கைக்குத் தெரிந்தவள் பைப்பைத் திறந்துவிட்டுப் போகமாட்டாள்.